மருந்துச் சீட்டும் மாதச் செலவும்

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்கான மருந்துகள், பல இல்லங்களில் பால், அரிசி போல மாதந்தோறும் தவறாத செலவாகிவிட்டன. ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியோர் சிலர், கையில் பணம் போதாத மாதங்களில் வேளை தவறி மாத்திரை உட்கொள்வதும் உண்டு. மருந்தைக் குறைக்காமல் செலவை மட்டும் குறைக்க இயலுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

மருந்தின் செலவு பெரும்பாலும் கடையில் முடிவாவதில்லை. சீட்டு எழுதப்படும் மேசையிலேயே முடிவாகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயர் ஒன்று. நிறுவனங்கள் சூட்டும் வணிகப்பெயர்கள் பல. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் பல வணிகப்பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகிறது. மருத்துவரின் சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளில், எழுதப்பட்ட வணிகப்பெயருக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தம் விருப்பப்படி தர விதிகள் இடந்தருவதில்லை. மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சீட்டு எழுதும்போதே அமைகிறது. மருத்துவர்கள் மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திருத்த விதி கூறியும், வணிகப்பெயரை எழுதும் வழக்கமே மிகுதி.

அரசின் விலைக் கட்டுப்பாடு ஓரளவு துணை செய்கிறது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை உயர்த்தலாம். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பல இப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கவை சில. மருத்துவரிடம், "இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா? மூலப்பெயரையும் எழுதித் தருவீர்களா?" என்று தயங்காமல் கேட்கலாம். அவ்வாறு எழுதப்பட்ட சீட்டைக் கொண்டு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் விசாரிக்கலாம். அங்கு மருந்துகள் பெரும்பாலும் முன்னணி வணிகப்பெயர் மருந்துகளைவிட 50 முதல் 80 விழுக்காடு வரை குறைந்த விலையில் கிடைக்கின்றன. பழைய மருந்துகளில் எவை இன்னும் தேவை என்பதையும் அவ்வப்போது மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நன்று.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமை ஆகியவற்றுக்கான மருந்துகளில் சிறு மாறுபாடும் விளைவை மாற்றக்கூடும். மருத்துவரின் ஒப்புதலின்றி எதையும் மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

மாதம் 900 ரூபாயாக இருந்த மருந்துச் செலவு 300 ரூபாயாகக் குறைந்தால், ஆண்டுக்கு 7,200 ரூபாய் மிஞ்சும். அத்தொகையைத் தொடர்வைப்பில் இட்டு வந்தால், எதிர்பாராத மருத்துவச் செலவு நேரும்போது கைகொடுக்கும்.

மருந்துக்கான தொகையை அட்டை வழியாகவோ கணக்கிலிருந்தோ செலுத்தி, ரசீதுகளைப் பாதுகாப்பதும் பயன் தரும். மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்கள், பழைய வரி முறையில், ரொக்கமாக அல்லாமல் செலுத்திய மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவு கோரலாம்.