உடம்பும் ஊரும் – 9: முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்

ஜோகுபாளையத்தில் நடப்பவர்கள் பாதி நேரம் தரையைப் பார்த்தபடிதான் நடப்பார்கள். பெங்களூரில் அல்சூரை ஒட்டிய பழைய பேட்டை இது. பல தெருக்களில் நடைபாதை என்பது சாக்கடைமேல் வரிசையாகப் போட்ட சப்படிக் கல்தான். ஒரு கல் ஆடும், இன்னொன்று மூலை உடைந்து வாய் பிளந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்துவிட்டால் எது கல், எது குழி என்று சொல்ல முடியாது. “பாத்து போங்க, கல்லு ஆடுது” என்ற எச்சரிக்கை தமிழிலும் கன்னடத்திலும் மாறிமாறிக் கேட்கும்.

ஜப்பானியக் கலைகளைப் பற்றிய இந்த வாரப் பகுதிக்கு இந்தத் தெருவே போதும். உதையும் குத்தும் பிறகு வரட்டும். ஜூடோவிலும் ஐகிடோவிலும் முதல் வகுப்பில் சொல்லித்தருவது எப்படி விழுவது என்பதைத்தான். அதற்குப் பெயர் உகெமி.

விழும்போது நாம் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம்: கையை நீட்டி ஊன்றுகிறோம். யாரும் சொல்லித்தராமல் உடம்பே செய்வது இது. முகம் தப்பிவிடும். ஆனால் மொத்த எடையும் ஓர் உள்ளங்கை வழியாக ஏறி மணிக்கட்டை முறிக்கும், இல்லையென்றால் தோள்பட்டை வரை போய்க் காறை எலும்பை முறிக்கும். பின்பக்கம் சாய்ந்தால் இன்னும் மோசம். பின்மண்டை தரையைத் தேடிப் போகும்.

உகெமிப் பயிற்சி இந்தப் பழக்கத்தை அழித்து வேறொன்றை எழுதுகிறது. மல்லாந்து படுத்த நிலையில் தொடங்குவார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை இடுப்பு பெல்ட்டின் முடிச்சில் வைக்க வேண்டும். தலை தரையில் படவே கூடாது. பிறகு குந்திய நிலையிலிருந்து பின்னால் உருள வேண்டும், அதற்கப்புறம்தான் நின்ற நிலை. முன்னால் உருள்வதற்கு ஒரு குறுக்குக் கோடு உண்டு. வலது கை விளிம்பில் தொடங்கி, முழங்கை, தோள், முதுகின் குறுக்கே இறங்கி இடது இடுப்பில் முடிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட குட்டிக்கரணம் முதுகெலும்பின் நடுவே நேராக ஓடும். இது அந்த எலும்பின் நெடுக ஓடாமல் சாய்வாகக் கடந்து போகிறது. தெருவில் பிள்ளைகள் உருட்டிவிடும் சைக்கிள் டயர்போல, எந்தப் புள்ளியும் தரையில் தங்கி அடி வாங்குவதில்லை.

வகுப்பைப் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் கேட்பது அந்தப் ‘படார்’ சத்தம். விழும் கணத்தில் கையை விரித்து மெத்தையில் அறைவது. அந்த அறைதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்பது பயிற்சிக்கூடங்களில் வேதவாக்கு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் இதை அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பக்கவாட்டில் உருண்டு விழுந்தபோது, வழக்கமாகக் கையை ஊன்றி விழுவதைவிட இடுப்பில் இறங்கிய விசை கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. கையை அறையாமல் உருண்டபோதும் ஏறக்குறைய அதே பலன்தான். காப்பாற்றியது உருளல். சத்தத்தின் பங்கு சொற்பம். தார் ரோட்டில் கையை அறைந்து பார்க்கத் துடிக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம்.

உகெமியை அவசரமாகத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1983-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பழைய பதிவுகளைத் தோண்டி இதை வெளியே கொண்டுவந்தவர் நாகோயா பல்கலைக்கழகத்தின் உச்சிதா ரியோ. செத்தவர்களில் பலர் முதலாண்டுப் பிள்ளைகள், அதாவது விழக் கற்று முடிக்காதவர்கள். பெரும்பாலும் தலைக்காயம். தலை தரையில் மோதாவிட்டாலும் ஆபத்து உண்டு. மண்டை சட்டென்று சுழலும்போது, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் ஓடும் நாளங்கள் கிழிந்து ரத்தம் கட்டிக்கொள்ளும். 2012-இல் ஜப்பான் அரசு, நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயமாக்கியபோது பெற்றோர்கள் பதறியதில் நியாயம் இருந்தது.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவே அடிபட்டுக் கற்றவர்தான். 1877-இல் ஃபுகுதா ஹச்சினோசுகே என்ற ஆசானிடம் சேர்ந்தார். ஒரு வீச்சில் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கேட்டால், ஆசான் பதில் சொல்லாமல் மறுபடி தூக்கிப் போடுவாராம். 1882-இல் தோக்கியோவின் ஏய்ஷோஜி கோயிலில் 12 ததாமிப் பாய் விரித்த அறையில் கானோ தொடங்கிய கோதோகான் பயிற்சிக்கூடத்தில் நிலைமை மாறியது. ஏன், எப்படி என்பதற்கு விளக்கம் கிடைத்தது. தூக்கிப் போடுபவருக்கும் பொறுப்பு வந்தது: எதிராளியின் சட்டைக் கையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்தால் அவர் தலை தப்பும். எதிராளியைக் காப்பாற்றுவதையும் பாடத்தில் சேர்த்ததுதான் கானோவின் பெரிய காரியம் என்பேன்.

இந்தக் கலை நம் நாட்டுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1905-இலேயே சானோ ஜின்னோசுகே என்பவரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார் தாகூர். 1929-இல் கோதோகானைச் சேர்ந்த தகாகாகி ஷின்சோ வந்தார். பெண் பிள்ளைகளும் பயில வேண்டும் என்பது தாகூரின் பிடிவாதம். அப்படிச் சாந்திநிகேதனில் ஜூடோ பயின்ற பெண்களில் அமிதா சென் ஒருவர். அமர்த்தியா சென்னின் தாய். புடவைகட்டிய பெண் வேகமாக நடந்தாலே முகம் சுளித்த காலத்தில், விழுந்து எழுந்து பழகிய பெண்கள்! பணமில்லாமல் தகாகாகியின் வகுப்பு நீடிக்காமல் போனது நமக்கு நஷ்டம்தான்.

இன்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு கராத்தே, ஜூடோ பலகை தொங்குகிறது. பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி “பெல்ட் எப்போ சார்?” என்பது. உண்மையில் உகெமி அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளைகளுக்கல்ல, வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் விழுந்து சாகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான், அதிலும் அறுபது தாண்டியவர்களே அதிகம். ஈரக் குளியலறை, பஸ் படிக்கட்டு, ஆடும் சப்படிக் கல்.

நைமேகனில் வயதானவர்களுக்கான பயிற்சித் திட்டத்திலேயே விழும் முறையைச் சேர்த்திருக்கிறார்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கு என்னென்ன காப்பு வேண்டும் என்றும் சோதித்தார்கள்: இடுப்புக்குக் காப்புப் பட்டை, தடித்த மெத்தை, நின்ற நிலையிலிருந்து முன்னால் விழும் பயிற்சி வேண்டாம். இதைப் படித்துவிட்டு வீட்டுக் கட்டில் மெத்தையில் தாத்தாவை உருட்டிப் பார்க்காதீர்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு, விழவைக்கத் தெரிந்த ஆசிரியரிடம் போங்கள். அப்படி முதியோருக்கென்று வகுப்பு எடுக்க முன்வரும் பயிற்சிக்கூடம் எதுவானாலும், அதன் பெயரை இந்தத் தொடரில் போடக் காத்திருக்கிறேன்.

(அடுத்த வாரம்: பெங்களூர்ப் பேட்டையின் கரடி மனைகள் என்னும் மல்யுத்தக் கூடங்களும் அவற்றின் செம்மண்ணும்)