அஞ்சு டெஸ்ட் பாஸ், ஆறாவது ஃபெயில்: 4294967297-இன் கதை

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்தித்தான் பேசப் போறோம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

அதுக்கு முன்னாடி ஒரு சொந்தக் கதை. போன மாசம் நான் எழுதின ஒரு ஃபங்ஷனுக்கு அஞ்சு டெஸ்ட் கேஸும் பாஸ். நம்பி ரிலீஸ் பண்ணிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது, சிஸ்டம் படுத்துடுச்சுன்னு. நான் யோசிக்காத ஆறாவது வகை இன்புட் ஒண்ணு உள்ள வந்திருக்கு. இதே தப்பைப் பண்ணின ஒரு பெரிய மனுஷன் இருக்கார்: 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா.

2-ல ஆரம்பிங்க. 1 கூட்டினா 3. இப்போ 2-ஐ அதாலேயே பெருக்குங்க, 4. 1 கூட்டினா 5. 4-ஐ அதாலேயே பெருக்கினா 16, கூட்டினா 17. இப்படியே போனா 257, அப்புறம் 65537. இந்த அஞ்சுமே பகா எண்கள். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. இந்த வரிசையில எல்லாமே பகா எண்தான்னு ஃபெர்மா நம்பினார். ஆனா நிரூபணம் அவர்கிட்ட இல்லை.

ஆறாவதா வர்றதுதான் நம்ம 4294967297. இது பகா எண்ணான்னு பாக்க, 65536 வரைக்கும் இருக்கிற 6542 பகா எண்களால வகுத்துப் பாக்கணும். அதுவும் கையால! 1732-ல ஆய்லர் அதை உடைச்சுட்டார்: 641 × 6700417.

641 எங்கிருந்து வந்துச்சு? இந்த எண்ணை வகுக்கிற எந்தப் பகா எண்ணையும் 64-ஆல வகுத்தா மீதி 1 வந்தாகணும். இதையும் ஆய்லர் பின்னாடி நிரூபிச்சார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையா 193, 257, 449, 577, 641. அஞ்சாவது முயற்சியிலேயே விடை கிடைச்சிடும். சரியான ஒரு கேள்வி, ஆயிரக்கணக்கான வகுத்தல்களை மிச்சப்படுத்திடுச்சு.

கோட் எழுதி செக் பண்றவங்க கவனிங்க: 32 பிட் அன்சைன்ட் இன்டிஜர்ல இந்த எண்ணைப் போட்டா மிஞ்சறது வெறும் 1. 64 பிட் வெச்சுக்கோங்க.

அப்புறம் என்னாச்சு? இதுக்கடுத்து வர்ற 27 எண்களும் பகா எண் இல்லைன்னு நிரூபிச்சாச்சு. அப்போ மீதி எல்லாமும் அப்படித்தான்னு சொல்லிடலாமா? சொன்னா, ஃபெர்மா பண்ணின அதே தப்பைத் திருப்பிப் போட்டுப் பண்றோம். 28-ஆவது எண்ணுக்கு 250 கோடிக்கும் மேல இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையான்னு இன்னும் முடிவாகலை.

டெஸ்ட் பாஸ் ஆனா சந்தோஷப்படுங்க. ஆனா அதை நிரூபணம்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!