மருந்துப் பெட்டியோட வந்த டாக்டர், மரக்கணக்கு எழுதின கதை

இந்த எபிசோடுக்கான யோசனை சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தப்போ வந்தது. விருதுநகர் – தென்காசி பாதை, 1927ல திறந்தது. வானம் தெளிவா இருந்தா மேற்கே மலை தெரியும். கீழே பார்த்தா தண்டவாளம், அதைத் தாங்கிற கான்கிரீட் கட்டை. அந்தக் கட்டைக்குப் பேர் ஸ்லீப்பர். நம்ம ஊர்ல ரயில் ஓட ஆரம்பிச்ச காலத்துல அது மரம். அவ்வளவு மரம் எங்கிருந்து வந்தது, யார் கணக்குப் பார்த்துக் கொடுத்தாங்கன்னு தேடிப் போனா, ஒரு டாக்டர்கிட்ட போய் நிக்குது.

ஹியூ கிளெக்ஹார்ன். 1820ல சென்னையில பிறந்தவர், ஸ்காட்லாந்துல வளர்ந்தவர். எடின்பரோவுல மருத்துவம் படிச்சு, 1842ல கிழக்கிந்தியக் கம்பெனியோட உதவி சர்ஜனா சென்னைக்கே திரும்பி வந்தார்.

டாக்டருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்து மருந்து பெரும்பாலும் செடி, பட்டை, வேர். அதனால டாக்டருக்குப் படிக்கிறவங்க தாவரவியலும் படிச்சே ஆகணும். இன்னொன்னு, காடு போனா மழை குறையும், பஞ்சமும் நோயும் வரும்னு அப்போ பல டாக்டர்கள் நம்பினாங்க. பம்பாய் மாகாணத்துக் காடுகளைப் பார்த்துக்கிட்ட அலெக்சாண்டர் கிப்சனும் சர்ஜன்தான். அதாவது, காடு அழியுதுன்னு அரசாங்கத்துக்கிட்ட முதல்ல கத்தினவங்கள்ல கணிசமான பேர் ஸ்டெதாஸ்கோப் தலைமுறை. மைசூர்ப் பக்கம், ஷிமோகாவுல வேலை பார்த்தப்போ கிளெக்ஹார்னும் காடு வெட்டப்படுறத நேர்லயே பார்த்தார். லீவுல பிரிட்டன் போனவர், இந்தியக் காடுகளோட அழிவைப் பத்தி அங்கிருந்த அறிவியல் சங்கத்துக்காக 1851ல ஒரு அறிக்கை தயாரிச்சதுல முக்கியப் பங்கு வகிச்சார். திரும்பி வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

1856ங்கிற வருஷத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடுச்சு. அதே வருஷம்தான் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தோட காட்டுப் பாதுகாவலர் ஆனார். இதை வெறும் தற்செயல்னு தள்ளிவிட எனக்கு மனசு வரலை. மைல் கணக்குல பாதை போட்டா, ஒவ்வொரு மைலுக்கும் ஆயிரத்துக்கு மேல ஸ்லீப்பர் வேணும். வெயில்லயும் மழையிலயும் அது சில வருஷத்துல உளுத்துப் போகும், திரும்ப மாத்தணும். போதாததுக்கு, ஆரம்ப கால என்ஜின்கள் இங்க விறகுல ஓடுச்சு. சென்னையைச் சுத்தி சவுக்குத் தோப்பு பெருகினதுக்கு அந்த விறகுத் தேவையும் ஒரு காரணம்.

டாப்சிலிப் போய் ரீல்ஸ் எடுத்திருப்பீங்க. அந்தப் பேரே மர வியாபாரத்துப் பேர்தான். ஆனைமலை உச்சியில இருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவுல வழுக்கி விட்ட இடம். அங்க வெட்டுற வேலைய 1848லயே ஜேம்ஸ் மைக்கேல்ங்கிற ராணுவ அதிகாரி ஆரம்பிச்சிருந்தார். மரம் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போச்சு. பின்னாடி அந்த மலையெல்லாம் கிளெக்ஹார்ன் பொறுப்புக்கு வந்தது. எந்த மரத்தை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது, கான்ட்ராக்டர் எவ்வளவு எடுக்கலாம், எந்த டிப்போவுல சேர்க்கணும்னு அவர் துறைதான் தீர்மானிச்சது. அவர் கடை வச்சு மரம் விக்கலை, சம்பளக்காரர்தான். ஆனா செஞ்ச வேலைய நேரா சொன்னா, அரசாங்கத்தோட பெரிய மர வியாபாரி. சென்னையில இருந்து போத்தனூர் வழியா பேப்பூர் வரைக்கும் 1862ல ரயில் போய்ச் சேர்ந்துச்சு. போத்தனூர் ஜங்ஷன் ஆனதுக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம் பஞ்சும் நூலும் நகர்ந்ததுக்கும் அடியில கிடந்தது காட்டு மரம்.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். தென் கன்னடப் பக்கம் மலைவாசிகள் காட்டுல ஒரு துண்டை வெட்டி, எரிச்சு, சாம்பல்ல விதைப்பாங்க. அடுத்த வருஷம் வேற துண்டு. அதுக்குக் குமரி சாகுபடின்னு பேர். காட்டை அழிக்கிறது இதுதான்னு கிளெக்ஹார்ன் திரும்பத் திரும்ப எழுதினார். 1860ல சென்னை அரசாங்கம் அதுக்குத் தடை போட்டுச்சு. ரயிலுக்குப் போற மரமும் விறகும் எவ்வளவுன்னு அவருக்குத் தெரியாம இல்லை. 1861ல வந்த அவரோட ‘தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும்’ புத்தகத்துலயே ஸ்லீப்பர் கணக்கெல்லாம் இருக்கு. ஆனா ரயிலை நிறுத்தச் சொல்ல முடியாது. மலையில சாமையும் கேழ்வரகும் விதைச்சவங்களை நிறுத்தச் சொல்ல முடிஞ்சது.

அதுக்காக அவரை வில்லன் ஆக்கவும் நான் தயாரா இல்லை. கட்டுப்பாடு இல்லாம கான்ட்ராக்டர் கையில விட்டிருந்தா ஆனைமலையில இன்னைக்கு என்ன மிஞ்சியிருக்கும்னு யோசிச்சா பயமா இருக்கு. அவர் பயந்தது நிஜமான பயம்தான். அந்தப் பயத்துக்கான பில்லை மட்டும் வேற யாரோ கட்டினாங்க.

1882ல சென்னை வனச் சட்டம் வந்து, காப்புக்காடுன்னு கோடு கிழிச்சப்போ அந்தத் தடை இன்னும் கெட்டியாச்சு. கிளெக்ஹார்ன் அதுக்கு முன்னாடியே பஞ்சாப் காடுகள்ல வேலை பார்த்துட்டு ஸ்காட்லாந்து திரும்பிட்டார். 1895ல காலமானார். காட்டுல வாழ்றவங்களுக்கு அங்க உரிமை உண்டுன்னு சொல்ற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2006ல. அதுல பட்டா கேட்டு ஆனைமலைப் பழங்குடிகள் இப்பவும் மனு எழுதிட்டிருக்காங்க.