ஓடிக்கொண்டே நின்ற சக்கரம்

சிக்னலை நெருங்குகிறது வண்டி. வேகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காய்ந்த சாலை. ஓட்டுநர் பிரேக்கை லேசாக மிதிக்கிறார். பெடல் காலடியில் கடகடவென்று அதிர்கிறது. வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓடிவிடுகிறது. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999 முதல் 2002 வரையிலான பிக்கப், எஸ்யூவி வண்டிகள் பலவற்றில் இந்தக் கோளாறு இருந்தது. பனியைக் கரைக்கச் சாலையில் உப்புக் கொட்டும் 14 மாநிலங்களில், சுமார் 8 லட்சம் வண்டிகளை 2005-இல் அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. குற்றவாளி துரு. அதுவும் பிரேக்கைத் தின்ற துரு அல்ல. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாருக்கு அடியில் படிந்த துரு.

ஏ.பி.எஸ். பிரேக்கின் வேலை எளியது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், டயர் சாலையில் வழுக்கும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி தன் போக்கிலேயே போகும். அப்படிப் பூட்டிக்கொள்ளப் பார்க்கும் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தியும் ஏற்றியும் அதைச் சுழலவைக்க வேண்டும். 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். இதைச் செய்யத் தொடங்கியது. ஆனால் இதை நடத்தும் கணினிக்குக் கண் கிடையாது. சாலை ஈரமா, மணலா என்று அதற்குத் தெரியாது. சக்கரங்களிலிருந்து வயர் வழியே வரும் மின்துடிப்புகளை எண்ணி, எல்லாவற்றையும் அதிலிருந்தே ஊகிக்கிறது.

பழைய வகை சென்சாரில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். அதற்கு எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுழலும். ஒவ்வொரு பல்லும் கடக்கையில் காந்தப்புலம் சற்று மாறுகிறது; மாறும் புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே தூண்டல்தான். வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 400 துடிப்புகள் போகும்.

சிக்கல் இங்கேதான். சக்கரம் மெதுவாகச் சுழன்றால் துடிப்புகள் குறைவது மட்டுமல்ல, ஒவ்வொரு துடிப்பும் வலுவிழக்கிறது. ஊர்ந்துபோகும் வேகத்தில் அது கணினியின் காதுக்கே எட்டாது. வழக்கமாக வண்டி நிற்கும் தறுவாயில்தான் இது நடக்கும் என்பதால் தொல்லை இல்லை. ஆனால் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். சென்சாரின் அடியில் வளர்ந்த துரு அதை மெல்லத் தூக்கியது, இடைவெளி கூடியது, துடிப்பு சீக்கிரமே மங்கியது. மணிக்கு 5 முதல் 16 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், மற்ற சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யம் காட்டியது. கணினிக்கு இதன் பொருள் ஒன்றுதான்: சக்கரம் பூட்டிக்கொண்டது. உடனே பிரேக்கைத் தளர்த்தியது. கணினி தவறே செய்யவில்லை. கிடைத்த சேதிக்குச் சரியாக நடந்துகொண்டது.

சென்சார் முழுதாகச் செத்திருந்தால் இந்த ஆபத்து நேர்ந்திருக்காது. வயர் அறுந்தால் கணினி கண்டுபிடித்துவிடும். விளக்கை எரியவிட்டு ஏ.பி.எஸ்ஸை நிறுத்திவிடும், சாதாரண பிரேக் இருக்கவே இருக்கிறது. ஓரளவு நன்றாகவும் ஓரளவு மோசமாகவும் வேலை செய்யும் சென்சார்தான் பொல்லாதது.

கோளாறைத் தேடும் வேலையும் இதனால்தான் சுவையானது. ஸ்கேனரில் சி0035 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், இடது முன் சக்கரத்தின் சென்சார் சுற்றில் ஏதோ கோளாறு. அது வீட்டு விலாசம், நோயின் பெயரல்ல. அதைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கச் சொல்லும் மெக்கானிக்கை நான் நம்பமாட்டேன். மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையை அளக்கலாம். ஒரு கிலோஓம் அளவில் காட்டும். ஆனால் துரு தூக்கிய சென்சாரும் அதையே காட்டும், சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. முன் சக்கர வயரோ ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கிறது. மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மீட்டரைப் பொருத்திவிட்டு ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பிப் பார்த்தால்தான் எண் துள்ளும். துரு தூக்கிய சென்சாரைப் பிடிக்க, ஸ்கேனரில் எல்லாச் சக்கரங்களின் வேகத்தையும் கோடுகளாகப் பார்த்தபடி காலிச் சாலையில் மெதுவாக நிறுத்த வேண்டும். எந்தக் கோடு முந்திக்கொண்டு விழுகிறதோ அதுதான் ஆள். வளையத்தில் விரிசல் விட்டிருந்தால் ஆசிலாஸ்கோப் அதைக் காட்டிக்கொடுக்கும்: ஆவர்த்தனம்தோறும் அதே இடத்தில் தப்பும் தாளம்போல, ஒரு சுற்றுக்கு ஒரு முறை அலை தடுமாறும்.

புதிய கார்களில் கம்பிச்சுருள் போய்விட்டது. அங்கே இருப்பது சிறு சிப். 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என இரண்டே அளவுகளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி அனுப்பும். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் துடிப்பின் வலு குறையாது. சில சென்சார்களில் வேலை செய்யும் பெருங்காந்தத்தடை விளைவைக் கண்டறிந்ததற்காக ஆல்பெர் ஃபெர், பீட்டர் க்ரூன்பெர்க் இருவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் புதிய சென்சார்களின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மின்னோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பல் வளையமும் பல வண்டிகளில் இல்லை. வீல் பேரிங்கின் ரப்பர் சீலிலேயே வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறிப் பதிந்திருக்கின்றன. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சக்கரம் வழுவழுவென்று சுழலும், சென்சாரும் புதிதாகவே இருக்கும், ஒரு துடிப்புகூட வராது. பொருத்துவதற்குமுன் ஒரு சின்ன இரும்பு கிளிப்பை இரண்டு பக்கமும் நெருக்கிப் பார்த்தால் போதும். காந்தப் பக்கம் அதை லேசாக இழுக்கும்.