தோளில் ஒரு பூரான்!

போன வருஷம் வண்ணார்பேட்டையில் பைக்கோடு விழுந்தேன். காரை எலும்பு இரண்டாக... பிளேட் வைத்துத் தைத்தார்கள். தையல் பிரித்ததும் 'அப்பாடா' என்று ஆபீஸ் போய்விட்டேன். நிஜமான தொல்லை அப்புறம்தான் ஆரம்பம்!

இரண்டே மாதத்தில் தழும்பு சிவந்து, தடித்து, அரிப்பெடுத்தது. குறுக்குத்துறையில் குளிக்கச் சட்டையைக் கழற்றியதும் நண்பன் கத்தினான்: "ஏ மாப்ளே, தோள்ல என்னலே பூரான் ஊருது?"

படித்துறையே சிரித்தது. அதற்கப்புறம் பாத்ரூம் வாளிதான் எனக்குத் தாமிரபரணி!

அம்மா தேங்காய் எண்ணெய் என்றாள். மாமா மஞ்சள் என்றார். கடைசியில் டாக்டரிடம் ஓடினேன்.

"தம்பி, காயம் ஆற உடம்பு கொலாஜன்னு ஒரு பூச்சு பூசும். நிறுத்துன்னு சொல்ல ஆளில்லாத கொத்தனார் மாதிரி சில பேருக்குப் பூசிக்கிட்டே இருக்கும். அதான் தடிப்பு" என்றார். கொடுத்த வைத்தியம், சிலிகோன் ஷீட். ஒட்டினால் தழும்பின் ஈரம் ஆவியாகாது. ஈரம் நின்றால் கொத்தனாரும் வேகத்தைக் குறைப்பாராம்!

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனையில் தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்பட்ட சமாச்சாரம் இது. 2002-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று முதல் கட்ட சிகிச்சையாகவே சிபாரிசு செய்தது. 'ஆதாரம் இன்னும் போதாது' என்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பக்கவிளைவு ரொம்பக் குறைச்சல்.

டாக்டர் போட்ட கண்டிஷன்கள்:

* காயம் முழுசாக மூடிய பிறகுதான் ஒட்டணும். புண்ணில் கூடவே கூடாது.

* தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்டணும். நாலு நாள் ஒட்டிவிட்டுக் கண்ணாடி பார்க்கிறவருக்குப் பலன் பூஜ்யம்!

* நம்ம ஊர் வெயிலில் வியர்த்து வேர்க்குரு வரும். ஷீட்டையும் தோலையும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து ஒட்டணும்.

* முகம், மூட்டு போன்ற ஷீட் நிற்காத இடத்துக்கு ஜெல். தினம் இரண்டு வேளை, மெல்லிசாக.

* தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கணும். பட்டால் கறுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. தழும்பு தையல் கோட்டைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டு. நெஞ்சு, தோள், காது மடலில் அதிகம் வரும். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். அதற்கு ஸ்டீராய்டு ஊசி போன்ற சிகிச்சைகள் வேண்டும். ஷீட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

என் தழும்பு நல்லவேளையாகக் கோட்டைத் தாண்டவில்லை. சட்டைக்குள் ஷீட்டோடு மூன்று மாதம் ஆபீஸ் போனேன். அரிப்பு நின்றது, தடிப்பு அமுங்கியது. கோடு மட்டும் இருக்கிறது. அது போகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மறுபடி குறுக்குத்துறை. தைரியமாகச் சட்டையைக் கழற்றினேன்.

"பூரான் எங்கலே?"

"மூச்சு முட்டிச் செத்துப்போச்சு மாப்ளே!"