வால் அறுந்த பட்டமும் வருண் சிங்கும்

பாலக்காட்டில் ரயிலேறிக் கணவாயைக் கடந்து கோவைக்கு வரும் நேயர்கள், போர் விமானத்தின் முழக்கம் கேட்டு அண்ணாந்து பார்த்திருக்கக் கூடும். கோவைக்குக் கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. நம் நாட்டில் உருவான தேஜஸ் விமானங்கள் 2018ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தன. அவ்வகை விமானம் ஒன்று நடுவானில் பழுதுற்ற கதையே இது.

வால் கட்டிய பட்டம் காற்றில் அமைதியாக நிற்கும். வாலை அறுத்துவிட்டால் குட்டிக்கரணம் போடும். பிரயாணிகள் விமானம் முதல் வகையைச் சார்ந்தது. தேஜஸோ, சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகவே நிலையற்றதாக அமைக்கப்பட்டது. அதைக் கணிப்பொறிகளே ஓயாமல் திருத்தித் திருத்தி நிறுத்துகின்றன. விமானியின் கைப்பிடிக்கும் இறக்கையின் அசையும் மடல்களுக்கும் இடையே கம்பியோ தண்டோ கிடையாது; அவர் கருத்து மின் குறிப்பாகவே செல்கிறது. ஆகவே, அவ்வமைப்புப் பழுதானால் விமானி என்ன செய்ய இயலும்?

2020 அக்டோபர் 12ஆம் நாள் விங் கமாண்டர் வருண் சிங்குக்கு இக்கேள்வி நேரில் எழுந்தது. பழுது பார்க்கப்பட்ட தேஜஸ் ஒன்றைச் சோதிக்க அவர் தனியே பறந்தார். வெகு உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் குறைந்தது. குறையை உணர்ந்து கீழிறங்கலானார். இறங்கும்போதே கட்டுப்பாட்டு அமைப்பும் தவறியது. விமானம் தலையை மேலும் கீழுமாக உதறிக்கொண்டு வீழ்ந்தது. இத்தகைய உதறலில் ஒரு கணம் உடல் பன்மடங்கு கனத்து, தலையிலுள்ள குருதி கீழே இறங்கும். மறுகணம் உடல் ஆசனத்திலிருந்து தூக்கி எறியப்படுவதுபோல் இருக்கும். அந்நிலையிலும் அவர் விமானத்தை வசப்படுத்தினார்.

ஆனால் சுமார் 10,000 அடி உயரத்தில் அது மீண்டும் கைமீறியது. இனி ஆசனத்தோடு வெளியே பாய்ந்து உயிர் தப்ப அவருக்கு முழு உரிமை உண்டு. முதல் தடவை யோசிக்க நேரம் இருந்திராது. இரண்டாம் தடவை அவர் தெரிந்தே தங்கினார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. மறுபடியும் அடக்கி, பத்திரமாகத் தரையிறக்கினார். கீழே இருந்த குடிகளுக்குத் தீங்கு நேரவில்லை. விமானம் சிதையாமல் கிடைத்ததால் பழுதின் காரணத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நேராதிருக்க வழி செய்யவும் முடிந்தது.

2021 ஆகஸ்டில் அவருக்குச் சௌரிய சக்கரம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் தாம் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். படிப்பில் தாம் நடுத்தர மாணவனே என்று, மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் மனம் தளராதிருக்கும் பொருட்டு அதில் எழுதியிருந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், சூலூரிலிருந்து வெல்லிங்டனுக்குத் தளபதி பிபின் ராவத்துடன் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் வருண் சிங் ஒருவரே அன்று உயிர் தப்பினார். ஒரு வாரம் போராடி, 15ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அந்த விபத்துக்கு யந்திரப் பழுது காரணமன்று. பள்ளத்தாக்கில் எதிர்பாராது சூழ்ந்த மேகமும் அதனுள் விமானிக்கு ஏற்பட்ட திசை மயக்கமுமே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. வருண் சிங் அன்று பிரயாணியாகவே அமர்ந்திருந்தார்.