விற்ற பின் மாறும் விலை

அல்சூர்க் கடைத்தெருவில் விலை பேசிப் பணம் கொடுத்து அரிசி வாங்குகிறோம். மறுநாள் கடைக்காரர் வீட்டிற்கு வந்து, மழை நாளில் சமைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் நகைப்போம் அல்லவா? இணையவழிச் சேவைகளில் இதை ஒத்ததே நிகழ்கின்றது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விக்கி நிறுவனத்தில் முன்பணம் செலுத்தி உறுப்பினரானோர்க்கு, மழை நேரக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு இருந்தது. 2025 மே மாதத்தில் அவ்விலக்கு நீங்கிற்று. அவ்வாண்டு ஜூன் 17 முதல் அமேசான் பிரைம் படங்களினிடையே விளம்பரங்கள் புகுந்தன. அவற்றை வேண்டாதார் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் செலுத்த வேண்டியதாயிற்று.

நாம் படியாமலே சம்மதம் தெரிவிக்கும் விதிகளில், அவற்றைப் பின்னர் மாற்றும் உரிமையை நிறுவனங்கள் பெரும்பாலும் தமக்கே வைத்துக்கொள்கின்றன. ஆயினும் எழுதியதெல்லாம் நியாயமாகிவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நுகர்வோர்க்கு நேர்மையற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதவை என அறிவிக்க மாநில ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

பிறமாநிலத்தில் வாழும் நாம் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நிறுவனம் எங்கிருப்பினும், நாம் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். முறையீட்டுக்குச் சான்று வேண்டுமன்றோ? ஆகவே, பணம் செலுத்தும் அன்றே ரசீதையும் அன்றைய விதிகளையும் படியெடுத்து வைப்போமாக.